இணையதளத்தை ஏலத்தில் எடுப்போர் கவனத்திற்கு

ஓடிக்கொண்டிருக்கும் கடை ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் நம் வியாபாரிகள் என்ன செய்வார்கள்? முதல் நாளே அட்வான்ஸ் கொடுத்துவிட மாட்டார்கள். எதிர்க்கடையில் டீ குடித்தபடி இரண்டு நாள் கூட்டத்தைப் பார்ப்பார்கள். கரண்ட் பில்லைக் கேட்பார்கள். சரக்கு போடும் ஏஜென்சிக்காரரிடம் வாரத்திற்கு எத்தனை பெட்டி இறங்குகிறது என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார்கள். கட்டட உரிமையாளர் புதியவருக்கும் அதே வாடகைக்கு ஒப்பந்தம் போட்டுத் தருவாரா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நல்லா ஓடுற கடையை எதுக்கு விக்கிறான்?' என்ற கேள்விக்கு மனம் ஒப்பும் பதில் கிடைக்கும்வரை பகடி பேச உட்கார மாட்டார்கள்.

இத்தனை விவரம் தெரிந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து, கண்ணால் காணாத கடை ஒன்றை இரவோடு இரவாக ஏலத்தில் எடுத்துவிடுகிறார்கள். இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இணையதளங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் என்றே சந்தைகள் உள்ளன. அவற்றுள் பலரும் அறிந்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தோன்றிய ஃபிளிப்பா. சைட்பாயிண்ட் என்ற நிறுவனத்தின் ஒரு பகுதியாக இருந்த விற்பனைப் பிரிவு, 2009-இல் தனியாகப் பிரிந்து இந்தப் பெயரில் நடக்கத் தொடங்கியது. கட்டுரைகள் வெளியிட்டு விளம்பர வருமானம் பார்க்கும் தளங்கள், சரக்கு விற்கும் இணையக் கடைகள், வெறும் டொமைன் பெயர்கள் என எல்லாமே அங்கு விலைக்கு வருகின்றன. எம்பயர் ஃபிளிப்பர்ஸ் போன்ற நிறுவனங்கள் தரகர் முறையில், கணக்கைத் தாங்கள் ஒருமுறை பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்கின்றன. திறந்த ஏலத்தில் பார்க்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

விலை எப்படிப் பேசப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாத நிகர லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்குவார்கள். சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்த தளம் என்றால் 24 மாதம் முதல் 40 மாதம்வரையிலான லாபம் விலையாகக் கேட்கப்படுவது வழக்கம். இளம் தளங்கள், ஆட்டம் காணும் தளங்கள் இதற்குக் கீழே போகும்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறார். பொறியியல் படித்த அவருடைய மகன் 2022-ஆம் ஆண்டின் கடைசியில், வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் ஓர் இணையதளத்தை 4,200 டாலருக்கு எடுத்தார். அன்றைய மதிப்பில் சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். சமையலறைச் சாமான்களைப் பற்றி அமெரிக்க வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தளம் அது. கூகுள் விளம்பரத்திலும் அமேசான் கமிஷனிலும் மாதம் 300 டாலர் வருகிறது, தளம் மூன்று ஆண்டுகளாக நடக்கிறது, மாதம் 12,000 பேர் வருகிறார்கள் என்று விற்றவர் சொல்லியிருந்தார். 'நம்ம தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்தானே' என்று தந்தையும் பணத்தைக் கொடுத்திருக்கிறார்.

கைக்கு வந்த முதல் மாதம் கிடைத்த வருமானம் 11 டாலர். இரண்டாவது மாதம், தகுதியற்ற வருகை என்று காரணம் சொல்லி கூகுள் நிறுவனம் விளம்பரங்களையே கட்டுப்படுத்திவிட்டது. விற்றவருக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

"அண்ணாச்சி, பகடி குடுத்து கடையை எடுத்தா சாவியாவது நம்ம கையில இருக்கும். இவன் எடுத்தது என்னன்னே எனக்கு வெளங்கலை" என்று நம்மிடம் அந்த உறுப்பினர் வருத்தப்பட்டார்.

அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்றுதான் அவருடைய மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த விற்பனை விளம்பரத்தை முதலிலிருந்து படித்தோம். எச்சரிக்கைக் குறி ஒவ்வொன்றும் அதிலேயே இருந்தது.

முதலில் விலை. மாதம் 300 டாலர் என்றால் 4,200 டாலர் என்பது 14 மாத லாபம். மூன்று ஆண்டாகக் குறையாமல் வருமானம் தரும் தளத்தை ஒருவர் ஏன் 14 மாத லாபத்திற்குக் கொடுக்கிறார்? மலிவாகக் கிடைத்தது என்று பையன் மகிழ்ந்திருக்கிறார். சந்தை விலைக்குப் பாதியில் சரக்கு வந்தால் அது கெட்ட சரக்கா, திருட்டுச் சரக்கா என்று மண்டியில் யோசிக்கும் நாம், இங்கு மட்டும் யோசிக்க மறந்துவிடுகிறோம்.

அடுத்தது வருமானத்திற்குக் காட்டிய ஆதாரம். மூன்று மாத வருமானத்தைக் காட்டும் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் தெரியும் எந்தப் பக்கத்தையும் பிரவுசரில் உள்ள ஒரு வசதியைக் கொண்டு திருத்த முடியும். 30 டாலர் என்று இருப்பதை 300 என்று மாற்றிப் படம் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். இதற்குத் தனி மென்பொருள் ஒன்றும் வேண்டியதில்லை. நாம் கேட்டுக்கொண்டதும் பையன் தன் வங்கிக் கணக்கையே நம் கண்முன் 'கோடீஸ்வரர்' கணக்காக மாற்றிக் காட்டினார். தந்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆகவே படத்தை ஆதாரமாக ஒப்புக்கொள்ளவே கூடாது. விற்பவர் தம் கம்ப்யூட்டர் திரையை நேரலையில் பகிர்ந்துகொண்டு, நம் கண்முன்னே கணக்கிற்குள் நுழைந்து, பக்கத்தைப் புதுப்பித்து, நாம் சொல்லும் மாதத்தைத் திறந்து காட்ட வேண்டும். அந்தத் தொகை வங்கியில் வரவானதையும் அதே போலக் காட்ட வேண்டும். உண்மையான வியாபாரி இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கத் தயங்க மாட்டார்.

மூன்றாவது வருகைக் கணக்கு. நாம் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான். கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கணக்கேட்டைப் பெரும்பாலான தளங்கள் வைத்திருக்கின்றன. விற்பவர் அதில் நமக்குப் பார்வையிடும் உரிமையை மட்டும் கொடுக்கலாம்; நம்மால் எதையும் மாற்ற முடியாது என்பதால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கொடுக்க மறுத்தால் அந்த ஏலத்தை விட்டு விலகிவிடலாம் என்பதே நம் கருத்து.

உரிமை கிடைத்ததும், எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. எந்த வழியாக வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பையன் வாங்கிய தளத்தில், கைக்கு வந்த பிறகு திறந்து பார்த்தபோது, நூற்றுக்கு 85 வருகை 'டைரக்ட்' என்ற தலைப்பில் இருந்தது. அதாவது தேடியும் வரவில்லை, வேறு தளத்தின் இணைப்பு வழியாகவும் வரவில்லை. நேரே முகவரியை அடித்து வந்ததாகக் கணக்கு. ஊர் பேர் தெரியாத ஒரு பாத்திரத் தளத்தின் முகவரியை மாதம் பத்தாயிரம் பேர் மனப்பாடமாக வைத்திருப்பார்களா? அமெரிக்கர்களுக்காக எழுதிய தளத்திற்கு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து விநாடிகூட நிற்கவில்லை. மனிதர்களே அல்ல, காசு கொடுத்தால் ஆயிரக்கணக்கில் வருகையை அனுப்பித் தரும் இயந்திரங்கள். கடையை விற்கும் நாளன்று கூலிக்கு ஆள் பிடித்து வாசலில் நிறுத்தி வைப்பது போன்றதுதான் இது. அந்தப் போலி வருகையைத்தான் கூகுள் கண்டுபிடித்துப் புதிய உரிமையாளரின் கணக்கில் கை வைத்தது.

நான்காவது, வயது. மூன்று ஆண்டு என்று விளம்பரத்தில் இருந்தது பொய் என்று சொல்லிவிட முடியாது. டொமைன் பெயர் பதிவானது மூன்று ஆண்டுக்கு முன்புதான். ஆனால் இணையப் பக்கங்களின் பழைய தோற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் என்ற நூலகத்தில் தேடியபோது, எட்டு மாதத்திற்கு முன்புவரை அந்த முகவரியில் ஏதோ ஒரு விளையாட்டுக் கழகத்தின் பக்கம் இருந்தது தெரிந்தது. கழகத்தார் புதுப்பிக்காமல் விட்ட பெயரைப் பிடித்து, அதன் மேல் பாத்திரத் தளத்தைக் கட்டியிருக்கிறார். பெயர்ப் பலகைக்கு வயது மூன்று. கடைக்கு வயது எட்டு மாதம். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க நிறுவனம் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் இந்த நூலகத்தில் தேடக் கட்டணம் கிடையாது. பழைய பெயரின் மதிப்பைச் சுரண்டுவதற்கென்றே இப்படிச் செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகக் குற்றமாகச் சேர்த்துவிட்டது. ஆகவே இன்றைக்கு இப்படிப்பட்ட தளத்தை வாங்குபவர் தண்டனையையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஐந்தாவது, நம் உறுப்பினர் கேட்டாரே, 'எடுத்தது என்ன?' என்று, அதற்கான பதில். தளத்தின் பெயரும் கட்டுரைகளும் கைக்கு வந்தன. வருமானம் தந்த கணக்குகள் வரவில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தர அனுமதி இல்லை. வாங்கியவர் தம் பெயரில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அமேசான் கமிஷன் திட்டத்திலும் அப்படியே; புதிதாகச் சேர்பவர் முதல் 180 நாளில் குறைந்தது 3 விற்பனை காட்டாவிட்டால் கணக்கு மூடப்படும். நம் ஊரில் சொல்வதானால், கடை கைமாறினாலும் லைசென்ஸ் கைமாறாது. எது வரும், எது வராது என்று ஏலத்திற்கு முன்பே எழுத்தில் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னது மோசடி. மோசடியே இல்லாமல், ஆதாரங்கள் அத்தனையும் உண்மையாக இருந்தும் பணம் முழுகிப்போவது உண்டு. அதுதான் நம்மவர்கள் அதிகம் அறிய வேண்டியது.

நெடுஞ்சாலை ஓரத்தில் நன்றாக நடக்கும் ஓட்டல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாக் கணக்கு உண்மை, கூட்டம் உண்மை, சமையல் உண்மை. ஆனால் ஊரைச் சுற்றிப் பைபாஸ் வரப்போகிறது என்ற செய்தி முதலாளிக்கு முன்பே எட்டிவிட்டது. விற்றுவிட்டுப் போய்விடுகிறார். கட்டுரைத் தளங்களுக்குச் சாலை போடுபவர் கூகுள். அந்தச் சாலையை அவர் எத்தனையோ முறை திருப்பிவிட்டிருக்கிறார். 2011-இல் பாண்டா என்ற மாற்றம் தரம் குறைந்த கட்டுரைக் குவியல்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற மாற்றம் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளை வைத்து முன்னுக்கு வந்த தளங்களைப் படுக்க வைத்தது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த மாற்றங்களில், பல ஆண்டு நேர்மையாக நடந்த சிறு தளங்கள்கூட வருகையில் பெரும்பகுதியை இழந்தன. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடுபவரின் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவே பதில் எழுதி மேலே வைக்கும் முறை வந்தது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் கீழே உள்ள கடைக்கு யார் வருவார்?

கமிஷன் தருபவரும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் மரச்சாமான், வீட்டுச் சாமான் போன்றவற்றுக்குத் தந்துவந்த 8 சதவீதக் கமிஷனை ஒரே அறிவிப்பில் 3 சதவீதமாக்கியது. முந்தைய மாதம் வரையிலான லாபத்தைப் பெருக்கி விலை கொடுத்தவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மூன்று மாதக் கணக்கு எதற்கும் உதவாது. கூகுள் சர்ச் கன்சோல் என்ற மற்றொரு கணக்கில் 16 மாதம் வரையிலான தேடல் வருகையைப் பார்க்கலாம். அதையும் காட்டச் சொல்ல வேண்டும். கூகுள் நேரடியாகத் தண்டனை விதித்திருந்தால் அதுவும் அங்கேயே எழுதியிருக்கும். 'பழைய கணக்கு அழிந்துவிட்டது' என்று விற்பவர் சொன்னால் பாதி உண்மையாக இருக்கலாம். அனலிட்டிக்ஸின் பழைய முறை 2023 ஜூலை முதல் தேதியோடு நின்றது; அதன் கணக்குகளும் பிறகு நீக்கப்பட்டன. ஆனால் அதற்குப் பிந்தைய கணக்கு இல்லை என்று சொல்ல அது காரணமாகாது.

வரைபடம் முழுதும் கிடைத்ததும், எந்த மாதத்தில் சரிவு தொடங்கியது என்று பார்த்து, மேலே சொன்ன தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொத்த வருகையில் முக்கால் பங்கு ஒரே ஒரு கட்டுரைக்கு வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நடக்கும் மொத்தக் கடைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

சரக்கு விற்கும் இணையக் கடைகள் வேறு ரகம். இவற்றில் விற்றுமுதலைக் கொட்டை எழுத்தில் போட்டு லாபத்தைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். மாதம் 10,000 டாலர் விற்பனை என்றிருக்கும். அந்த விற்பனைக்காக ஃபேஸ்புக் விளம்பரத்திற்கு மட்டும் 6,000 டாலர் போயிருக்கும். சரக்கின் விலை, திரும்பி வந்த சரக்கு, வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் என எல்லாம் கழித்தால் மிஞ்சுவது முதலாளியின் கூலிக்குக்கூடக் காணாது. அந்தக் கூலியை எந்த விளம்பரத்திலும் செலவாகக் காட்டுவதே இல்லை. வாரம் நாற்பது மணி நேரம் உழைத்துவிட்டு, 'வாரம் இரண்டு மணி நேரம் பார்த்தால் போதும்' என்று எழுதுகிறார்கள். நம்மில் யாரும் வாரம் இரண்டு மணி நேரத்தில் நடக்கும் கடையைப் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு ரகம் உண்டு: சென்ற வாரம் ஒரே அச்சில் வார்த்து எடுத்து, விற்பனையே நடக்காமல், 'மாதம் இத்தனை டாலர் வர வாய்ப்பு உள்ளது' என்ற வாக்கியத்தோடு வருபவை. இவற்றில் அலமாரி மட்டும்தான் இருக்கிறது. அலமாரியின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

ஏலம் நடக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். நம் மண்டிகளில் விலையை ஏற்றிவிடுவதற்கென்றே ஆள் நிறுத்துவது உண்டல்லவா? இங்கும் உண்டு. நேற்றுத்தான் கணக்குத் தொடங்கிய, இதுவரை எதையுமே வாங்கியிராத பெயர்கள் மாறி மாறி விலை ஏற்றினால், நம் எல்லையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ஏலம் முடியும் கடைசி அரை மணி நேரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது.

'ஏலத் தளத்தின் கமிஷன் எதற்கு, நாம் இருவரும் வெளியே முடித்துக்கொள்வோம்' என்று விற்பவர் அழைத்தால் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். பணத்தை நடுவர் கணக்கில் போட்டு, எல்லாம் கைக்கு வந்து சரிபார்த்த பிறகே விற்பவருக்குப் போகும்படி செய்யும் எஸ்க்ரோ முறை இருக்கிறது. 1999 முதல் நடக்கும் எஸ்க்ரோ டாட் காம் அவற்றில் பழையது. அதன் பெயரைப் போலவே போலித் தளங்களும் உள்ளன. எனவே விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல் முகவரியை நாமே அடித்துச் செல்ல வேண்டும்.

டாட் காம் பெயர் ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து சமீபத்தில் மாறியிருந்தால், 60 நாள் வரை மீண்டும் வேறு நிறுவனத்திற்கு மாற்ற முடியாமல் பூட்டப்பட்டிருக்கலாம். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் 'பிறகு மாற்றித் தருகிறேன்' என்ற சொல்லை நம்பிப் பணத்தை விடுவித்தால், பெயர் அவரிடமே இருந்துவிடும்.

பெயரிலேயே பெரிய கம்பெனியின் பிராண்ட் இருந்தால் தொடவே வேண்டாம். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. படங்கள், கட்டுரைகள் திருடப்பட்டவையா என்று நாலைந்து வரியை எடுத்துத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பையன் வாங்கியதில் பாதிக் கட்டுரைகள் வேறொரு தளத்தின் நகல். கடையை விற்றவர் மறுமாதம் எதிரிலேயே கடை போடக் கூடாது என்று நாம் எழுதி வாங்குவது போல, இங்கும் எழுதி வாங்க வேண்டும். வெளிநாட்டிற்குப் பணம் அனுப்புவதால் வரும் வரி விவகாரங்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக அந்தப் பழைய கேள்வி: ஏன் விற்கிறீர்கள்? 'நேரமில்லை', 'வேறு தொழில் தொடங்கப் போகிறேன்' என்பவைதான் எல்லா விளம்பரத்திலும் வரும் பதில்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே ஆள் அதே மாதத்தில் இன்னும் ஒன்பது தளங்களை விற்பனைக்குப் போட்டிருக்கிறாரா என்று அவருடைய பெயரில் உள்ள பழைய விற்பனைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் உறுப்பினரின் மகனுக்கு விற்றவர் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் பதினோரு தளங்களை விற்றிருந்தார். எல்லாமே 'மூன்று ஆண்டு'.

அந்த 3 லட்சத்து 44 ஆயிரம் திரும்பவில்லை. சென்ற ஆண்டு அதே பையன் மற்றொரு தளத்தை ஏலத்தில் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தார். தந்தைக்குத் தெரியாது என்றார். தெரிவித்துவிட்டு வரச் சொன்னோம். பிறகு மூவருமாக உட்கார்ந்து, அனலிட்டிக்ஸில் பார்வையிடும் உரிமையும், திரையைப் பகிர்ந்து கணக்குக் காட்ட அரை மணி நேரமும் கேட்டு விற்பவருக்கு மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது அந்த விளம்பரமே அங்கே இல்லை.